இணைப்பில் குறை எதுவும் இல்லை

டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை சிவசக்தி, அதற்குள் மெயில் வந்துவிட்டது. நான்கு மணிக்கு வீடியோவில் கூட்டம். பொருள் இரண்டு. மாரமங்கலம் சுற்று நர்ஸ் காளியாயி நோயாளிகளின் பதிவுகளை ஒழுங்காக அனுப்பாதது ஒன்று, முன் அனுமதி இல்லாமல் ஒருநாள் வேலைக்கு வராதது மற்றொன்று. இம்மாத இறுதியோடு அவரை விடுவிப்பது குறித்து முடிவெடுக்கப்படும் என்று போட்டிருந்தது. கூடவே ஓர் ஆவணம். திறந்தால் அவளுடைய எழுத்து. பதினான்கு நாளைக்கு முன் அவளே எழுதிக் கொடுத்த அறிக்கை. அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு நிர்வாகி பழனிசாமி மஞ்சள் பூசியிருந்தார். ‘ஏற்காடு அலுவலகத்திலிருந்து தரவுத்தளத்துக்குச் செல்லும் இணைப்பில் குறை எதுவும் இல்லை.’ மணி ஒன்றே முக்கால். சிவசக்தி டிபன் பாக்ஸை மூடிவைத்தாள்.

அறிக்கை எழுதுவதென்றால் அவளுக்குத் தனிக் குஷி. மற்றவர்கள் பழுது பார்த்த கையோடு டீ குடிக்கப் போவார்கள். இவள் பழுது பார்த்ததை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்த பிறகுதான் டீக்குப் போவாள், டீ ஆறியிருந்தாலும் சரி. அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் மலைப் பிரிவுக்குக் கணினிப் பொறுப்பாளர் என்று ஐந்து வருஷத்துக்கு முன் சேலத்திலிருந்து மேலே அனுப்பினார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம், பக்கீர் முகமதுவின் மிளகுக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அவள், இன்னொன்றில் இயந்திரம். மழைக்காலத்தில் காகிதம்கூட அப்பளம் மாதிரி நமத்துப்போகிற ஊர் என்பதால் இயந்திரத்துக்கு மட்டும் ஈரம் உறிஞ்சும் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் கம்பளி சால்வைதான், அதுவும் சொந்தக் காசில்.

வேலை இதுதான். நர்ஸ்கள் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பார்த்துவிட்டு டேப்லெட்டில் எழுதி அனுப்புவார்கள். அது முதலில் இந்த அறைக்கு வரும், இங்கிருந்து கீழே தரவுத்தளத்துக்குப் போகும். தரவுத்தளம் ஓரிடத்தில் குந்தியிருப்பதல்ல. சேலத்தில் இரண்டு, பெங்களூரில் ஒன்று என்று மூன்று இயந்திரங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். யாரை உடனே பார்க்க வேண்டும், எந்த ஊருக்கு ஜீப் போக வேண்டும் என்பதெல்லாம் டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இருபத்து நான்கு நாளைக்கு முன் பதிவுகளை அனுப்புகிற நிரலைக் கன்டெய்னருக்குள் மாற்றினார்கள். கன்டெய்னர் என்றால் வேறொன்றுமில்லை, நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டி, எந்த இயந்திரத்திலும் இறக்கி ஓட்டுகிற ஏற்பாடு. அன்றிலிருந்து காளியாயி அறுபது பதிவு அனுப்பியதாகச் சொல்கிறார். கீழே போய்ச் சேர்ந்தது பத்தொன்பது. வெள்ளக்கடைப் பக்கம் போகிற நர்ஸ் புஷ்பலதாவின் பதிவில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதே மாதிரி டேப்லெட், அதே இயந்திரம், அதே லைன்.

காளியாயி புகார் சொன்னபோது சிவசக்தி சோதித்துப் பார்க்கத்தான் செய்தாள். கன்டெய்னருக்குள்ளிருந்து மூன்று இயந்திரங்களையும் கூப்பிட்டாள், மூன்றும் பதில் சொல்லின. ‘சோதனை’ என்று ஒற்றை வார்த்தைப் பதிவைப் பத்து முறை அனுப்பினாள், பத்தும் போய்ச் சேர்ந்தன. அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு டீக்குப் போனாள். அந்தக் காகிதம் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பப் போகிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்போம் என்று இப்போது தோன்றியது. அவள் காளியாயிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நேத்து கடைசியா ஒரு பதிவு போட்டீங்கல்ல, அதையே இன்னொருக்கா அனுப்புங்க. நான் இங்க பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“அனுப்பிட்டேன் கண்ணு. பச்சை டிக் வந்திருச்சு. அது எப்பவும் வருதுங்க. வந்து என்ன பண்ண.”

பச்சை டிக் என்றால் ஒண்டிக்கடை வரை வந்துவிட்டது என்றுதான் பொருள். அதற்குமேல் அதற்குத் தெரியாது. சிவசக்தி திரையில் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்டெய்னர் சேலத்தைக் கூப்பிட்டது. சேலம் யாரென்று கேட்டது, இது சொன்னது, கடவுச்சொல் கேட்டது, கொடுத்தது, வா என்றது. அறிக்கையில் எழுதியபடியே எல்லாம் லட்சணமாக நடந்தது. பிறகு பதிவு கிளம்பியது. பதில் இல்லை. சற்றுப் பொறுத்து அதையே மறுபடி அனுப்பியது. பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்து மறுபடி. ஒரே பொட்டலம், ஒரே அளவு, ஐந்து தடவை. சேலத்தைக் கைவிட்டுப் பெங்களூரைக் கூப்பிட்டது, அங்கேயும் வரவேற்பு பலமாக இருந்தது, பிறகு அதே மௌனம்.  அவளுடைய பத்துச் சோதனையிலும் இது ஒருமுறைகூட நடக்கவில்லை.

“அக்கா, இப்ப சும்மா ரெண்டு வார்த்தை எழுதி அனுப்புங்க.”

“என்னன்னு எழுதட்டும்?”

“எதையாச்சும்.”

கண் மூடித் திறப்பதற்குள் அது சேலத்தில் இருந்தது. திறந்து பார்த்தாள். ‘சாப்பிட்டியா கண்ணு.’

அவள் போகாத பதிவைத் திறந்தாள். படிக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ‘மாரமங்கலம் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் வரிசையோடேயே மேலே போனால் இரண்டாவது பாறைக்கு இடப்பக்கம் மூன்றாவது ஊடு. இதே பேரில் கீழ்ப்பக்கம் இன்னொருத்தி உண்டு, அவள் இல்லை, இவள் மேஸ்திரி மருமகள். சத்து மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்று கூரையில் செருகி வைத்திருக்கிறாள், எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு இருக்கிறது...’ இப்படியே போனது. புஷ்பலதாவின் பதிவைப் பக்கத்தில் திறந்தாள். நாலே நாலு ஆங்கிலச் சுருக்கம், ஒரு தேதி. வெள்ளக்கடையில் அது போதும்போல. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் என்றால் தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொம்புக்கும் காலுக்கும் மூன்று மூன்று இடம் வேண்டும். சிவசக்தி காளியாயியின் டேப்லெட்டிலிருந்து அளவுப் பட்டியலை வரவழைத்து அறுபதையும் வரிசைப்படுத்தினாள். போய்ச் சேர்ந்த பத்தொன்பதும் ஓர் அளவுக்குக் கீழே. சேராதவை அத்தனையும் அதற்கு மேலே. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

“ஏனுங்க்கா இவ்வளவு நீளமா எழுதறீங்க?”

கேட்டதும்தான் அது குற்றம் சொல்வது போலக் கேட்டுவிட்டது என்று உறைத்தது. 

“சுருக்கி எழுதுனா ஜீப்பு டிரைவருக்கு எந்த ஊடுன்னு எப்படிங்க தெரியும்? இங்க என்ன கதவு நம்பரா இருக்குது. போன வருசம் சுருக்கி எழுதித்தான் வேற ஊட்டுக்குப் போயிட்டுத் திரும்பிட்டாங்க.” பிறகு குரல் இறங்கியது. “செரி கண்ணு, தப்புன்னா இனிமே கம்மியா எழுதிக்கறேன்.”

“வேண்டாங்க்கா. எழுதறபடியே எழுதுங்க.”

பெரியது போகவில்லை, சிறியது போகிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஆனால் மீதிப் பாதி எங்கே என்று தெரிய வேண்டும். மணி மூன்றாகப் பத்து நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கி எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூட மறைந்திருந்தது. அப்போது தௌபீக் கூப்பிட்டான். சேலத்தில் இவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன், கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன்.

“அக்கா, அந்தக் கன்டெய்னரைக் கலைச்சிட்டுப் புதுசா ஏத்திடறேன். கூட்டத்துக்கு முன்னாடி ஒருதடவை புதுசா போட்டுப் பாக்கச் சொல்லி பழனிசாமி சார் சொன்னாரு. கமாண்ட் அடிச்சு வச்சுட்டேன், என்டர் தட்டினா முடிஞ்சுது.”

சிவசக்தி சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அவளே ஆயிரம் முறை செய்கிற காரியம்தான். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து தடவை அனுப்பிப் பார்த்துக் கைவிட்ட பதிவை அந்த நிரல் எங்கே வைக்கும்? பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும். பெட்டியைக் கலைத்தால் மூலையும் போய்விடும்.

“தட்டாதே தௌபீக். கீபோர்டுலேர்ந்து கையை எடு.”

“என்னங்க்கா?”

“கையை எடு. எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேங்க்கா.” அவன் பயந்துவிட்டான் என்று குரலில் தெரிந்தது.

அவள் பெட்டிக்குள் நுழைந்து தேடினாள். இருந்தன. நாற்பத்தொன்றும், சற்றுமுன் திரும்ப அனுப்பியது ஒன்றுமாக நாற்பத்திரண்டு. காளியாயி அனுப்பியது அத்தனையும் வந்திருக்கிறது. மூன்று வாரமாகப் பக்கத்து அறையில், இவள் நாற்காலியிலிருந்து எட்டடியில், யாரும் திறந்து பார்க்காமல் கிடந்திருக்கிறது. அவற்றை வெளியே எடுத்துப் பத்திரமாக வேறிடத்தில் வைத்தாள். ஒருமுறை எண்ணினாள், நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினாள். எழுதுகிற ஒவ்வொரு சுருக்கமும் மற்றவர் தலையில் எப்படி விடியும் என்று யோசிக்காமல் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதியவளை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

மலையிலிருந்து கீழே போகிற லைன், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்காதபடி ஒரு குழாய்க்குள் மூடிப் போகிறது. மூடுகிற உறை கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குழாயின் வாய் மற்ற லைன்களைவிடச் சற்றுக் குறுகல். இயந்திரத்தில் நேராக ஓடுகிற நிரலுக்கு அது தெரியும், அளவாகப் பிரித்து அனுப்பும். கன்டெய்னருக்குள் இருப்பதற்கு வெளியுலகம் தெரியாது. அது பெரிதாகவே அனுப்பும், குழாய் வாயில் ‘பெரிசா இருக்கு, பிரிச்சு அனுப்பு’ என்று ஒரு சின்னப் பதில் வரும், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. இங்கே அந்தச் சின்னப் பதில் மட்டும் வரவில்லை. யாரோ அதை நிறுத்தியிருக்க வேண்டும். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற காவல் விதிகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். பதினேழாவது விதி. இந்த இயந்திரம் இந்த மாதிரிப் பதில் எதையும் யாருக்கும் சொல்லக்கூடாது. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு, ஜூன் மாதத் தேதி, போட்டவரின் பெயர்.

விதிக்குப் பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதி வைக்கிற ஆள் அந்த அறக்கட்டளையில் ஒருத்திதான்.

ஜூனில் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர், உங்கள் இயந்திரம் வெளியிலிருந்து தட்டுகிறவனுக்கெல்லாம் பதில் சொல்கிறது என்று குறை எழுதினார். அந்தத் தட்டலுக்குப் போகிற பதிலை மட்டும் அடைத்தால் போதும். அவள் மொத்தமாக அடைத்தாள், அறிக்கையும் கொடுத்தாள், பாராட்டும் வந்தது. பழைய நிரலுக்கு அந்தப் பதில் தேவைப்படாததால் நாலு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருந்த தௌபீக் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, விதியை எடுத்துட்டா சரியாயிரும்ல? எடுத்துருங்க. கன்டெய்னர் மாத்தினதுல ஏதோ கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிக்கலாம். அந்தம்மா வேலையும் தப்பிக்கும். விதி யார் போட்டதுன்னு யாரு கேக்கப் போறாங்க?”

அவன் சொன்னது பொய்கூட இல்லை. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. அவள் விதியை மாற்றினாள். ஒதுக்கி வைத்திருந்தவற்றை வரிசையில் விட்டாள். முதல் பதிவு கிளம்பியது, அந்தச் சின்னப் பதில் வந்தது, கன்டெய்னர் பதிவை இரண்டாகப் பிரித்தது, சேலம் வாங்கிக்கொண்டது. இரண்டாவது போனது. மூன்றாவது போனது. மணி மூன்று முப்பத்தைந்து. மூச்சு விட்டுக்கொண்டு, போகிறவற்றைச் சும்மா படித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்றாவது பதிவில் நின்றுவிட்டாள்.

ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி. கவிப்பிரியா, வயது இருபத்து மூன்று, ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் நூற்றறுபது, கால் வீக்கம், இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்குகிறது என்கிறாள். வீட்டுக்கு வழி, எந்தப் பாறை, எந்த வேலி, நாய் கட்டியிருக்காது என்ற எச்சரிக்கை. கடைசியில், ‘இதைப் பார்த்ததும் ஜீப் அனுப்பவும். நாளைக் காலைக்குள் பெரிய டாக்டர் பார்க்க வேண்டும்.’ இரண்டு முறை அனுப்பியிருந்தார், அடுத்ததும் அதுவே.  இவள் அறிக்கை கொடுத்து ஐந்து நாளுக்குப் பிறகு அனுப்பியது. மறுபடி காளியாயிக்குப் போன் போட்டாள், மூன்றாவது முறைதான் கிடைத்தது.

“அக்கா, கவிப்பிரியான்னு ஒரு பொண்ணு. என்னாச்சுங்க்கா?”

“அதுங்களா.” காளியாயி யாரிடமிருந்தோ தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. “விடியறதுலேர்ந்து ஜீப்புக்குக் காத்துட்டு இருந்தமுங்க, போன் பண்ணலாம்னா டவரும் எடுக்கல. வரல. புள்ளைக்குத் தலைவலி தாங்கல. மொத பஸ்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன். நம்ம ஆஸ்பத்திரியில பதிவே இல்ல, வரிசையில உக்காருங்கன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. ஆட்டோ புடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டேன்.”

“அன்னைக்குத்தான் நீங்க வேலைக்கு வரலைன்னு போட்டிருக்காங்களா?”

“ஆமாங் கண்ணு. யாருகிட்ட லீவு கேக்கறது அந்நேரத்துல.”

“குழந்தை?”

“அன்னிக்கே எடுத்துட்டாங்க. ஒன்னரைக் கிலோகூட இல்ல. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்குது. தாய்க்காரி தெளிஞ்சிட்டா. புள்ளையப் பத்தி இன்னும் ஒன்னுஞ் சொல்ல மாட்டீங்கறாங்க.”

“இதை ஏனுங்க்கா யாருகிட்டயும் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்கு முந்தியே உன்ற ரிப்போர்ட்டைக் காட்டிட்டாங்களே. லைன் நல்லாருக்குதுன்னு எழுதியிருக்கறே. நீ தேதியெல்லாம் போட்டு எழுதற புள்ள, நீ எழுதுனா செரியாத்தான் இருக்கும். நாந்தான் எங்கியோ தப்பா அமுக்கிப் போட்டேனாட்டம் இருக்குது சாமி. நொம்ப நாளா ரோசனை பண்ணிப் பாத்துட்டேன், எங்கன்னுதான் தெரியல. இன்னைக்குக் கூட்டத்துல அதையே ஒத்துக்கலாம்னு இருக்கறேன்.”

சிவசக்திக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். “அக்கா, நீங்க எதையும் ஒத்துக்காதீங்க. நான் சொல்றதை...” என்று தொடங்கினாள்.

“இந்தப் போன்லேர்ந்துதான் டேப்லெட்டுக்கு நெட்டு குடுக்கோணும் கண்ணு, நேரமாச்சு, வெச்சறேன்.” லைன் அறுந்தது.

நான்கு மணிக்குத் திரையில் ஆறு கட்டங்கள். பழனிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு மஞ்சள் பூசிய பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி விரித்தார். மூன்றாம் பக்கத்தின் வரியை உரக்கப் படித்தார். தன் வாக்கியம் அவர் வாயில் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று சிவசக்தி கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆகவே லைன்ல கோளாறு இல்லைன்னு தெளிவா இருக்கு. யாராவது பேசணும்னா கையைத் தூக்குங்க,” என்றார் அவர். திரையில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. காளியாயிக்கு அது தெரியாது. அவர் நிஜமாகவே கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன. பழனிசாமி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கை என்ன சொல்லப் போகிறது என்று அந்த ஆறு கட்டத்திலும் சிவசக்திக்கு மட்டும்தான் தெரியும். மூலையில் தௌபீக்கின் செய்தி மின்னியது. ‘கன்டெய்னர்னே சொல்லிருங்க்கா.’

அவள் மைக்கைத் திறந்தாள்.

“சார், அந்த மஞ்சள் வரி தப்பு. எழுதினது நான். பதிவெல்லாம் அவங்க அனுப்பியிருக்காங்க, அறுபதும். ஜூன்ல நான் போட்ட ஒரு விதியாலதான் கீழே போகாம நின்னுது. அவங்க வேலைக்கு வரலைன்னு போட்டிருக்கீங்களே, அந்த நாள் என்ன நடந்ததுன்னு அவங்க எழுதினதையே படிக்கிறேன்.”

படித்தாள். பாறையை, வேலியை, கட்டாத நாயை, எதையும் விடாமல் படித்தாள். ஜீப் அனுப்பவும் என்ற இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். பழனிசாமி கண்ணாடியைக் கழற்றினார். விரித்து வைத்திருந்த பக்கத்தை மூட மறந்துவிட்டார்.

“இதை அன்னைக்கே ஏம்மா பாக்கல?”

“பாத்தேன் சார். சின்னதா அனுப்பிப் பாத்தேன்.”

 மாரமங்கலத்துக்குச் சத்தம் போய்ச் சேரவும் அங்கிருந்து படம் வந்து சேரவும் எப்போதும் சில நொடி பிந்தும். கடைசிக் கட்டத்தில் காளியாயி கேட்டாரா, இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கிய கை அப்படியே இருந்தது. வலித்திருக்க வேண்டும், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.